அப்பிள் சாடிக்குள் சுண்ணாம்பு

ஹவுன்ஸ்லோ,
கார்த்திகை 6, புதன்கிழமை.

அன்புள்ள தம்பி யோகலிங்கத்துக்கு, உன் அக்கா சற்குணம் எழுதிக்கொள்வது.

இங்கே நான் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். அங்கே நீயும் உன் மனைவி கனகாம்பிகையும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது பிள்ளையாரிடம் கேட்கிறேன். உன் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. நோர்பரியில் இருக்கிறவர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவேன், அவருக்கு விளங்கும். பதினொரு வருசமாக உன் சுகத்தை விசாரிக்காததையும் இந்த ஒரு வரியிலேயே சேர்த்து எடுத்துக்கொள். என் எழுத்தில் பிழை கண்டால் சிரிக்காதே. என்னை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் மறித்தது ஏனென்று உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டு ஆவணி மாதம் நீ பிறந்தாய், அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை, உன்னைத் தூக்கி வைத்திருக்க ஆள் வேண்டியிருந்தது. நான் ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்கு உறை போட்டு வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தை நீ ஒன்றரை வயதில் கிழித்தாய், முதலில் அட்டையை, பிறகு நடுப்பக்கத்தை. அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ "ஹலோ" என்றால் அதற்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும். கடிதமென்றால் நான் முடிக்கும்வரைக்கும் உன்னால் குறுக்கே கதைக்க ஏலாது. இது சமாதானக் கடிதமும் அல்ல. என் மகன், உன் மருமகன் சயந்தனுக்காக எழுதுகிறேன், நீ தாய்மாமன் என்பதால் எழுதுகிறேன். விசயம் இதுதான்: சயந்தன் வீட்டிலே சைடர் செய்தான். சைடர் என்பது அப்பிளில் செய்கிற கள்ளு. அதை நான் கெடுத்துவிட்டேன். நான்தான் கெடுத்தேன் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு வேலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த இரண்டு சாடிகளில்தான் இருக்கிறது. கெட்டதைத் திருப்பி நல்லதாக்கத் தெரிந்த ஆள் என்று என் சொந்தத்தில் ஒருவன்தான் இருக்கிறான், அவனோடு நான் கதைப்பதில்லை. இப்போது ஆதியிலிருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி.

மாசி மாதம் சயந்தனை வேலையால் நிறுத்தினார்கள். விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற இடத்தில் பத்தொன்பது வருசம் நின்றவன். ஆட்குறைப்பு என்று ஒரு கடிதம், ஒரு கேக், ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். அடுத்த நாள் தொடக்கம் குசினிக் கதிரையில் இருந்து பின்வளவைப் பார்க்க ஆரம்பித்தான். பங்குனி பார்த்தான், சித்திரை பார்த்தான், ஆவணி வரைக்கும் அதையேதான் பார்த்தான். தாடி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் றஜீனா விடியப்புறமே ஷிப்டுக்குப் போய்விடுவாள், விமான நிலையத்துக்குள்ளே ஒரு கடையில் நிற்கிறாள். வீட்டில் நானும் அவனும் பிரிட்ஜும். மூன்று பேரிலும் கூடக் கதைத்தது பிரிட்ஜ்தான். முட்டைக் கோப்பி அடித்துக் கொடுத்தால் "தாங்ஸ் அம்மா" என்பான். பெற்ற தாய்க்கு ஒரு பிள்ளை தாங்ஸ் சொல்லத் தொடங்கினால் அது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும். வேலை தேடுகிற இடத்தில் பெயர் பதிந்தான், நேர்முகத்துக்கு ஆறு தரம் போனான், ஆறு தரமும் போன வேகத்தில் வந்து அதே கதிரையில் இருந்தான். எனக்கு இரவில் நித்திரையில்லை, அவனுக்குப் பகலில் விழிப்பில்லை.

பக்கத்து வீட்டு மரினாவை உனக்குத் தெரியாது. ருமேனியாக்காரி, தனி ஆள், என்னைவிட இருபது வயது குறைவு. அவளுடைய அப்பிள் மரம் நிற்பது அவளுடைய வளவில், பழம் விழுவது எங்களுடைய வளவில். அழுகின பழத்துக்குக் குளவி வரும். 2018ஆம் ஆண்டு புரட்டாதி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு குளவி என் காதடியில் கொட்டியது. அன்றிலிருந்து விழுகிற பழம் அத்தனையையும் பொறுக்கி வேலிக்கு மேலால் அவளுடைய பக்கம் எறிந்துகொண்டு வந்தேன். கோபத்தில்தான் எறிந்தேன். அவளோ நான் முழங்கால் வருத்தத்தோடு குனிந்து அவளுக்குப் பழம் பொறுக்கிக் கொடுப்பதாக நினைத்து, ஒவ்வொரு வருசமும் ஜாம் காய்ச்சி ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தாள். ஆறு வருசமாக நான் சண்டை பிடிக்கிறேன், அவள் ஜாம் தருகிறாள். இப்படி ஒரு சண்டையை நான் என் சீவியத்தில் பிடித்ததில்லை.

இந்த வருசம் ஆவணிக் கடைசியில் மரினா படியில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். மரத்தில் பழம் கொப்பை இழுக்கிறது, பிடுங்க ஆளில்லை. வேலிக்கு மேலால் எட்டி, "அம்மா, சன் பிக்? ப்ளீஸ்?" என்று கேட்டாள். நான் சயந்தனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கதிரையை விட்டு எழும்பினான். தம்பி, அந்தக் கதிரை அன்றைக்குத்தான் மூச்சு விட்டது. ஏணியை வைத்து ஏறி உச்சிக் கொப்பில் நின்றுகொண்டு, "அம்மா, விலத்துங்கோ! விலத்துங்கோம்மா!" என்று கத்தினான். நான் விலத்துவதற்குள் ஒன்று என் உச்சந்தலையில் விழுந்தது. அவன் சிரித்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை வாய் விட்டுச் சிரித்தான். இன்னொன்றும் விழட்டும் என்று அந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் கவனமாகப் பிடுங்கினான்.

பதினான்கு பை வந்தது. இவ்வளவு பழத்தையும் ஜாம் காய்ச்சினால் ஹவுன்ஸ்லோ முழுக்கப் பூசலாம். மரினா முறிந்த காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் தகப்பன் ஊரில் இதைச் சாறு பிழிந்து சைடர் செய்வார், நீயும் செய், நான் சொல்லித் தருகிறேன் என்றாளாம். சைடர் என்றால் என்னவென்று நான் கேட்டேன். "அது சும்மா அப்பிள் தண்ணியம்மா" என்றான் சயந்தன். நானும் நம்பினேன். அவன் தாடியை எடுத்திருந்தான், தாடி எடுத்த பிள்ளை சொன்னால் தாய் நம்பத்தான் செய்வாள்.

முதலில் பழத்தை அரைக்க வேண்டும் என்றார்கள். சம்பல் அரைக்கிற என் கிரைண்டரை எடுத்தார்கள். நான் 1999இல் கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கிரைண்டர், விமானத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைக் குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவது பையில் றஜீனா "மாமி, புகையுது! புகையுது!" என்று ஓடிவந்தாள், வந்து பார்த்தால் கிரைண்டர் கண்ணை மூடிவிட்டது. பிறகு சீமெந்து குழைக்கிற புது வாளி ஒன்று வாங்கி, அதில் பழத்தைப் போட்டு வேலிக் கட்டையால் இடித்தான். இடித்ததைப் பிழிய இயந்திரம் வேண்டுமாம். இவன் கராஜில் பலகையால் சட்டம் அடித்து, கார் தூக்குகிற ஜாக்கை நடுவில் வைத்து, தானே ஒன்று செய்தான். சுற்றிக் கட்ட நல்ல துணி வேண்டும் என்றான். உன் அத்தானின் எட்டு முழ வேட்டியைக் கொடுத்தேன். அந்த மனுசன் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு வேலைக்கும் உதவாதவர், இப்போதாவது உதவட்டும் என்று கொடுத்தேன். ஜாக்கை இறுக்க இறுக்கச் சாறு ஓடியது, எல்லோரும் கைதட்டினோம், மரினாவும் ஊன்றுகோலைத் தட்டினாள், அந்த நேரம் பார்த்துச் சட்டம் டமார் என்று வெடித்து, வேட்டி கிழிந்து, அப்பிள் சக்கை கராஜ் கூரையில் ஒட்டி, சாறு முழுக்கக் கொடியில் காய்ந்த றஜீனாவின் வேலைச் சட்டையில் அடித்தது. வேறு சட்டையில்லை, அதைத்தான் அலசிப் போட்டுக்கொண்டு போனாள். அன்று கடையில் மூன்று பேர் அவளிடம் என்ன சென்ட் என்று கேட்டார்களாம். சயந்தன் அழுவான் என்று நினைத்தேன். அவன் கூரையைப் பார்த்து, "சட்டத்துக்கு இரும்பு போட்டிருக்கோணும்" என்றான். அடுத்த நாள் இரும்பு போட்டான். சாறு எடுத்தான்.

இரண்டு பெரிய கண்ணாடிச் சாடி நிரம்பியது. மரினா கொடுத்த ஈஸ்ட் பொடியைப் போட்டு, வாயில் அடைப்பு வைத்து, அடைப்பில் வளைந்த குழாய் ஒன்று செருகி, வெளிச்சம் படக்கூடாது என்று கறுப்புப் போர்வையால் மூடி, மாடிப்படிக்குக் கீழே வைத்தான். மாடிப்படிக்கும் என் சாமி அலுமாரிக்கும் நடுவில் ஒரு பலகைதான். இரண்டாம் நாள் நான் தேவாரம் பாடுகிறேன், பலகைக்கு அந்தப் பக்கத்தால் "குளுக்" என்று ஒரு சத்தம். நான் ஒரு வரி, அது ஒரு குளுக். தாளம் ஒருதரமும் தப்பவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "என்னடா சத்தமது?" என்று கேட்டேன். "மூச்சு விடுதம்மா" என்றான். மூச்சு விடுகிற பழச்சாறை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு, ஐப்பசி 22ஆம் திகதி பின்னேரம் தேவாரம் முடிந்த கையோடு வேலியடிக்குப் போய் மரினாவைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, கையால் தலையைச் சுற்றிக் காட்டி, கண்ணைச் சொருகிக் காட்டி, இரண்டு அடி தள்ளாடிக் காட்டினாள். காலில் கட்டோடு இருக்கிறவளுக்குத் தள்ளாடிக் காட்டுவது கஷ்டம் இல்லை.

தம்பி, என் நிலையை யோசி. எங்கள் தகப்பன், அப்பு, குடித்தது உனக்குத் தெரியாது, நீ பிறந்த வருசம் அவர் விட்டுவிட்டார். குடித்த அப்பு முழுவதும் என் பங்கு, விட்ட அப்பு முழுவதும் உன் பங்கு. அப்படி வளர்ந்தவளின் சாமி அலுமாரிக்குப் பின்னால் ஒரு கள்ளுத் தவறணை. சயந்தனிடம் சண்டைக்குப் போகலாம், போனால் திரும்பவும் கதிரையில் இருந்துவிடுவான். ஆகவே சண்டையில்லாத வழி ஒன்று யோசித்தேன். சுண்ணாம்பு பூசின முட்டியில் இறக்கினால் பனஞ்சாறு புளிக்காது, கருப்பணியாக இனித்துக்கொண்டே இருக்கும். பூசாத முட்டியில் இறக்கினால் மத்தியானத்துக்குள் கள்ளு. இது உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. பனைக்குச் சரியென்றால் அப்பிளுக்கும் சரிதானே? சாறு இனிப்பாகவே நின்றால் குழந்தைகளும் குடிக்கலாம், சாமிக்கும் குறையில்லை, சயந்தனுக்கும் செய்த வேலை வீணில்லை. ஒருவருக்கும் தெரியாமல் எல்லோருக்கும் நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள், ஐப்பசி 23ஆம் திகதி, புதன்கிழமை. கால்கட்டு வெட்ட மரினாவை ஆசுபத்திரிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு சயந்தன் போனான். நான் வெற்றிலைக்கு வாங்கி வைத்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்குக் கீழே குனிந்து போனேன். வெளிச்சம் படக்கூடாது என்று பிள்ளை சொன்னதால் போர்வையை விலக்கவில்லை, அடைப்பை மட்டும் கழற்றி, கைத்தடவலில் கரண்டியால் போட்டேன். டப்பாவில் அரைவாசி ஒரு சாடிக்கு, அரைவாசி மற்றதற்கு. திரும்ப அடைத்து, குழாயையும் முன்பிருந்த பக்கமாகவே திருப்பி வைத்தேன். அந்தளவு கவனம். அன்று பின்னேரம் விளக்கேற்றித் தேவாரம் பாடினேன். குளுக் இல்லை. பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.

சொல்லி முடிக்கவில்லை, சயந்தன் உள்ளே வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். முதல்ல இருங்கோ."

"நிண்டு கேட்டாலும் காது கேக்கும். சொல்லு."

பார்க்குக்குப் பின்னால் ஊரார் சேர்ந்து நடத்துகிற பழத்தோட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கிற மனிதர் இவன் செய்த பிழிகிற இயந்திரத்தை, மரினா வீட்டுக்கு வந்த நேரம் எங்கள் கராஜில் கண்டிருக்கிறார். வருகிற வருசம் தோட்டத்துப் பழத்தைப் பிழிந்து சைடர் செய்யவும், வருகிறவர்களுக்குப் பழக்கவும் கிழமையில் மூன்று நாளுக்குச் சம்பளத்தோடு ஒரு ஆள் எடுக்கப் போகிறார்களாம். தை மாதம் அங்கே ஒரு விழா. இங்கத்தைய சனம் அப்பிள் மரத்தைச் சுற்றி நின்று பாட்டுப் பாடி, கொப்பிலே டோஸ்ட் போல வாட்டின பாண் துண்டைக் கட்டி, வேருக்குச் சைடர் ஊற்றி, அடுத்த வருசமும் நன்றாகக் காய்க்க வேண்டும் என்று கும்பிடுவார்களாம். அதுவும் எங்கள் தைப்பொங்கல் கிழமை. நான் இருபத்தைந்து வருசமாக இந்தச் சனத்துக்கு மரம் மாடு தெரியாது என்று நினைத்திருந்தேன், மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த விழாவுக்கு உன்னுடைய சைடரைக் கொண்டுவா, எங்கள் ஆட்கள் குடித்துப் பார்க்கட்டும், பிறகு வேலையைப் பற்றிக் கதைப்போம் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார்.

"சைடர் நல்லா வந்தா வேலை கிடைக்கும் போலக் கிடக்கம்மா" என்றான்.

எனக்கு அப்போதுதான் இருக்க வேண்டும் போலிருந்தது. இருந்தேன். அவன் படிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றான். உதட்டைக் கடித்துக்கொண்டு, "சத்தம் நிண்டிட்டுதம்மா" என்றான். இரண்டு தோளும் குலுங்கின. நாற்பத்தாறு வயதுப் பிள்ளை தாய்க்கு முகம் காட்டாமல் அழுகிறான். நான் என்ன செய்வேன்? "எல்லாம் சரிவரும், போய்ச் சாப்பிடு" என்றேன். என் வாய்க்குள் அந்த நேரமே சுண்ணாம்பு கரித்தது.

அதற்குப் பிறகு இந்த இரண்டு கிழமையும் நான் செய்யாத வைத்தியம் இல்லை. செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டு சாடிகளுக்கு நாவூறு கழித்தேன். சீனி போட்டேன். சுண்ணாம்புக்குப் புளிதான் மாற்று என்று யோசித்து, போன வெள்ளிக்கிழமை எட்டுத் தேசிக்காயைப் பிழிந்து ஊற்றினேன். தம்பி, அது பொங்கியது. சவர்க்கார நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கிச் சாடி வாயால் வழிந்து, போர்வையை நனைத்து, படிக்கட்டுக் கம்பளத்தில் இறங்கி, வாசல் வரைக்கும் வந்துவிட்டது. றஜீனா ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தவள், "மாமி, வீடு கழுவினீங்களோ?" என்று கேட்டாள். சயந்தன் துணியை எடுத்துத் துடைத்தான். துடைக்கும்போதும் தோள் குலுங்கியது. என்னை ஒரு சொல் திட்டியிருந்தால் நான் அதை ஞாபகம் வைத்துக்கொண்டாவது இருப்பேன். அதுகூட இல்லை.

இனி உன்னிடம் வருகிறேன். 1979ஆம் ஆண்டு நீ பனைச் சங்கத்தில் கிளாக்கராகச் சேர்ந்தாய். தவறணைக்குக் கள்ளு அளந்து எழுதுகிற கிளாக்கர். என் மாமி வீட்டில் நான் "தம்பி கூட்டுறவுச் சங்கத்திலை" என்று மட்டும் சொல்லி வைத்தேன், அவர்கள் அரிசி மா என்று நினைத்துக்கொண்டார்கள், நீ ஒரு நாள் வந்து நின்று சிரித்த முகத்தோடு முழுவதையும் சொன்னாய். அதற்குப் பிறகு ஒன்பது வருசம் அந்த வீட்டில் எனக்கு விழுந்த பேச்சு எல்லாம் திகதி வாரியாக என்னிடம் இருக்கிறது. 2013இல் இந்த வீடு குடிபூரும் நாள் நீ பரிசுக் கடதாசி சுற்றி ஒரு பெரிய வைன் போத்தலைக் கொண்டுவந்து நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். எண்பது பேருக்கு முன்னால் நான், "கள்ளுக் கிளாக்கருக்கு வேறை என்ன கொண்டுவரத் தெரியும்?" என்றேன். நீ போத்தலையும் எடுத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாய். நான் சொன்னது சரி. சொன்ன இடம்தான் பிழை. இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே, எனக்கு எழுபத்தேழு வயது.

ஆனால் 1980இல் என் மாமி வீட்டு முற்றத்தில் நின்று நீ ஒரு மணித்தியாலம் சங்கத்து வேலை சொன்னாய். சுண்ணாம்பு கூடிப்போன கருப்பணியை நீங்கள் எப்படித் தெளியவைத்து எடுப்பீர்கள் என்றும் சொன்னாய். நான் கேட்காதவள் மாதிரி அரிசி புடைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டேன். "அதுக்கு என்ன செய்யிறதெண்டால் அக்கா" என்று நீ வாயெடுக்கிற நேரம் மாமி உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டா. நாற்பத்துநாலு வருசமாக எனக்கு அந்த ஒரு வசனம் குறைகிறது. அதைக் கொண்டு வா. நோர்பரியில் ரெயின் எடுத்து கிளாபம் ஜங்ஷனில் மாறினால் நேரே ஹவுன்ஸ்லோ. சயந்தன் கேட்டால் இந்தப் பக்கம் ஒரு அலுவலாக வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சொல். நான் எழுதினேன் என்று சொல்லாதே, சுண்ணாம்பு என்ற சொல்லே உன் வாயில் வரக்கூடாது. சாடியை நீயாகப் பார்த்த மாதிரிப் பார்த்து, நீயாகக் கண்டுபிடித்த மாதிரித் திருத்திவிடு. இந்தப் பிள்ளை திரும்பவும் அந்தக் கதிரையில் போய் இருக்கக்கூடாது தம்பி. மற்றதெல்லாம் எனக்குப் பரவாயில்லை.

கனகாம்பிகையை விசாரித்ததாகச் சொல். உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல், வாசல் நிறைய மனிதர் வந்துபோக, இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். இந்த முறை பெயர் சொல்லியே கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
சற்குணம்.

பி.கு.: வியாழக்கிழமை காலை. மேலே எழுதினது ஒன்றையும் எடுக்காதே. வரத் தேவையில்லை. நடந்தது என்னவென்றால், கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், விலாசம் எழுதப் பார்த்தால் நீ வீடு மாறிவிட்டாயென்று யாரோ கோயிலில் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குச் சொல்லாமல் மாறினாய், அது வேறு. சயந்தனைக் கேட்டேன்.

"மாமான்ரை அட்ரஸ் ஆரிட்டையும் இருக்குமோ?"

"எந்த மாமாவம்மா?"

"உனக்கு எத்தினை மாமா இருக்கினம்?"

அவன் உதட்டைக் கடித்தான், தோள் குலுங்கியது, பிறகு அப்படியே குசினி நிலத்தில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அழுதது எல்லாம் அதுதான் தம்பி, இரண்டு கிழமையாக அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"மனுசன் பந்தயத்திலை வெண்டிட்டார்! ரெண்டு கிழமைக்குள்ளை அக்கா எழுதுவா எண்டு சொன்னவர். போன் எடுக்கமாட்டா, எழுதுவா எண்டும் சொன்னவர்."

ஆக, புரட்டாதி தொடக்கம் நீயும் அவனும் ஒவ்வொரு நாளும் போனில் கதைக்கிறீர்கள். எவ்வளவு ஈஸ்ட், எத்தனை நாள், எப்போது சாடி மாற்றுவது, எல்லாம் நீ. "கொம்மாவுக்கு இது கள்ளெண்டு தெரிஞ்ச அண்டைக்கே சுண்ணாம்போடை வருவா, முதல்ல சாடியைக் கிளப்பு" என்று சொன்னதும் நீ. மரினா தள்ளாடிக் காட்டின அன்று இரவே அவன் சைடர் முழுவதையும் வேறு சாடிகளுக்கு மாற்றி மரினாவின் கொட்டிலில் கொண்டுபோய் வைத்துவிட்டான். படிக்குக் கீழே போர்வைக்குள் இருந்தது பழைய சாடி கழுவ ஊற வைத்த சவர்க்காரத் தண்ணீர். அதற்குத்தான் நான் சுண்ணாம்பு போட்டேன். அதற்குத்தான் நாவூறு கழித்தேன். சுண்ணாம்பு போடும்போதே சத்தம் இல்லை என்று கவனித்திருக்க வேண்டும், என் நெஞ்சடிக்கிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "நீ ஒண்டும் சொல்லாதை, வழி தெரியாட்டி அக்கா என்னட்டைத்தான் வருவா, பாத்துக்கொண்டிரு" என்று அவனைத் தடுத்ததும் நீதானாம்.

கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். இரண்டு சாடியும் மஞ்சளாகத் தெளிந்து நிற்கிறது, அந்தப் பக்கத்து யன்னல் இந்தப் பக்கம் தெரிகிறது. தோட்டத்து மனிதர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாராம். விழாவுக்கு இதுதான், வேலைக்கும் விண்ணப்பம் எழுது என்று சொல்லிப் போயிருக்கிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்தவன் மாதிரித் தினமும் சவரம் எடுக்கிறான். நான் குடிக்கவில்லை. மணந்து பார்த்தேன். இரண்டு தரம்.

நான் சுண்ணாம்பு போடுவேன் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாமென்று பேனையை எடுத்தேன், எழுத முன்னமே விளங்கிவிட்டது. 1981 சித்திரை வருசத்துக்குச் சங்கத்துப் பெரியவர்களுக்கென்று ஒரு முட்டி கொண்டுவந்து எங்கள் குசினிக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாய். அதற்குள் ஒரு கை சுண்ணாம்பை அள்ளிப் போட்டது நான். சங்கத்தில் அன்று உனக்கு என்ன பேச்சு விழுந்தது என்று ஊரே சொன்னது. நீ அறியமாட்டாய் என்று இவ்வளவு காலமும் இருந்தேன். அறிந்துகொண்டு, ஒரு நாளும் சொல்லாமல், அதற்குப் பிறகும் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்று சிரித்திருக்கிறாய். என்னிடம் உன்னைப் பற்றி எத்தனையோ இருக்கிறது, உன்னிடம் என்னைப் பற்றி இது ஒன்று இருந்தும் நீ அதை எடுக்கவேயில்லை. இதை எப்படி நான் மன்னிக்கிறது?

எழுதின கைநோவுக்காகக் கடிதத்தை அனுப்புகிறேன், கிழித்துப் போட மனமில்லை. இஞ்சை கெட்டது ஒண்டுமில்லை, திருத்தவும் ஒண்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கனகாம்பிகையையும் கூட்டிக்கொண்டு, ஒரு அலுவலும் இல்லாமல் சும்மா வா.